நடவு நின்ற புரட்டாசி

திருவாரூரில் நாங்கள் நடத்திய பெண்கள் இல்லத்துக்கு போர்டு கிடையாது. போர்டு வைத்தால் புருஷன்மார்கள் சுலபமாக வந்துவிடுவார்கள் என்று வைக்கவில்லை. வைக்காமலே வந்தார்கள். அடித்து விரட்டிய மனைவியைத் தேடி, ஒரு வாரத்துக்குள் மல்லிகைப் பூவும் அல்வாப் பொட்டலமுமாக வாசலில் நின்று, "தெரியாம பண்ணிட்டேன்" என்று கண்ணைக் கசக்குவார்கள். முக்கால்வாசிப் பெண்கள் கூடவே போய்விடுவார்கள். அல்வாவைப் பார்த்தாலே எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. நான் அங்கே வார்டன், சமையலுக்கு ஒத்தாசை, ஆஸ்பத்திரித் துணை எல்லாம். வீடில்லாமல் ரயிலடியில் படுத்திருந்த பெண்களும் வருவார்கள், வீடிருந்தும் நுழைய முடியாத பெண்களும் வருவார்கள். முதல் வகையினருக்குச் சோறு போட்டால் முகம் தெளியும். இரண்டாம் வகையினருக்கு என்ன போட்டாலும் தெளியாது.

அப்படித்தான் ஒரு புரட்டாசி மத்தியானம் அவள் வந்தாள். பக்கத்துக் கிராமத்து நடவுக்காரி. வலது முன்கை வீங்கி நீலம் பாரித்திருந்தது. புருஷன் உலக்கையால் அடித்திருக்கிறான். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய் மாவுக்கட்டு போட்டுக்கொண்டு வந்தேன். வழி முழுக்க வலி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. இல்லத்துக்குத் திரும்பியதும் கேட்டாள்:

"நா இங்கன இருந்துட்டா எங்க வீடு போயிருமாக்கா?"

குடியிருக்கும் மனை குடியிருப்பவனுக்கே சொந்தம் என்று சட்டம் வந்து, அவர்கள் தெருவுக்குப் பட்டா கிடைத்திருந்தது. பட்டா அவன் பேரில். ஆனால் அந்தக் குடிசையைப் பிடித்து வைத்தவள் அவள். சட்டத்துக்கு முன்னால், கூலிப் போராட்டத்தில் அவன் ஜெயிலில் இருந்த சமயம், பண்ணையின் ஆட்கள் கூரையைப் பிரிக்க வந்தபோது வயிற்றுப் பிள்ளையோடு குறுக்கே படுத்தவள். பிள்ளை தங்கவில்லை. வீடு தங்கியது. இப்போது அவன் வேறு ஒருத்தியைக் கொண்டுவந்து வைக்கப் போவதாகத் தெருவில் பேச்சு.

போலீசுக்குப் போகலாம் என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினாள். கூலிப் போராட்டத்தில் அந்தத் தெருவுக்குள் லத்தியோடு நுழைந்து சட்டி பானைகளை உடைத்தவர்கள் அவர்கள். அங்கே போய் எப்படி நிற்பாள்?

ஆகவே மறுநாள் நானே கிராமத்துக்குப் போய் விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் கிளைத் தலைவரைப் பார்த்தேன். நல்ல மனிதர்தான். நாற்காலி வரவழைத்து, டீ வாங்கிக் கொடுத்து, பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க சொல்றது நியாயந்தாம்மா. ஆனா இது குடும்ப விஷயம். அவன் நம்ம சங்கத்துல முன்னால நிக்கிற ஆளு. இது பண்ணை காதுக்குப் போச்சுன்னா சிரிப்பாங்க. கொஞ்சம் பொறுத்துப் போகச் சொல்லுங்க."

"கையை ஒடிச்சிருக்கான்ங்க."

"கண்டிக்கிறோம்மா. கண்டிக்காம விடுவமா?"

எனக்கு வந்த கோபத்துக்கு டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். மேடையில் ஏறினால் அடிமை விலங்கு ஒடிப்பதைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவர்கள், வீட்டில் ஒடிந்த கையைப் பற்றிப் பேச வேளை பார்க்கிறார்கள். பஸ்சுக்கு நடந்துகொண்டிருந்தபோது பின்னாலேயே ஒரு பெண் வந்தாள். நடவுக் கூட்டத்தை வேலைக்கு அழைத்துப் போகிறவள், வயதில் எனக்கு மூத்தவள். தலைவரிடம் நான் பேசியதையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள்.

"அவ கை எப்ப கூடும்?" என்று மட்டும் கேட்டாள்.

"மாசக்கணக்குல ஆகும்னு சொல்றாங்க."

"சரி, நீங்க போங்க" என்று திரும்பிவிட்டாள். இவளும் இவ்வளவுதானா என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

அதற்கப்புறம் நடந்ததைப் பல பேர் சொல்லிக் கேட்டேன், கடைசியில் நானே போய்ப் பார்த்தேன். சம்பா நடவு மும்முரமாக நடக்கும் வேளை. எங்கள் பக்கம் நாற்றுப் பறிப்பது ஆண்கள், நடுவது பெண்கள். மறுநாள் காலை ஆண்கள் வழக்கம்போல நாற்றைப் பறித்து, முடி முடியாகக் கட்டி வயலில் வீசிவிட்டார்கள். பெண்கள் வந்தார்கள். சேலையை ஏற்றிச் செருகவில்லை. வரிசையாக வரப்பில் உட்கார்ந்துகொண்டார்கள்.

பண்ணையின் காரியஸ்தர் குடையோடு ஓடிவந்திருக்கிறார். கூலி கூடக் கேட்கிறார்கள் என்றுதான் அவருக்கு நினைப்பு.

"என்ன கேக்கறீங்க, சொல்லித் தொலைங்க."

"உங்ககிட்ட ஒண்ணும் கேக்கல. நீங்க நெழல்ல போயி உக்காருங்க."

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. பாவம், அவருக்கு மட்டுமா, தலைவருக்கும் விளங்கவில்லை. சங்கத்தைக் கேட்காமல் வேலைநிறுத்தமா என்று சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்தவரிடம் அந்த மூத்தவள் உட்கார்ந்தபடியே பதில் சொன்னாளாம்:

"எங்க கூட்டத்துல ஒரு கை கொறையுது. அந்தக் கையி இல்லாம நாங்க எறங்க மாட்டோம். அவ வீட்டுல அவ இருக்கணும். அவன் வெளியில போவணும்."

"பட்டா அவன் பேருல இருக்கு, தெரியுமில்ல?"

"நாத்துகூட பண்ணை பேருலதான் இருக்கு. நடச் சொல்லுங்க பாப்போம்."

சில நாள் கழித்து நான் போய்ப் பார்த்தபோது நாற்று முடிகள் சேற்றிலேயே கிடந்து பழுத்துப்போயிருந்தன. நாற்றங்காலில் மீதி நாற்று முற்றிக்கொண்டிருந்தது. வெளியூர் ஆட்களைக் கொண்டுவரப் பண்ணை முயன்றதும் நடக்கவில்லை. வந்த பெண்கள் விஷயத்தைக் கேட்டுவிட்டு அதே வரப்பில் உட்கார்ந்துவிட்டார்கள். கூலி வராததால் தெருவில் பல அடுப்புகள் எரியவில்லை. ஆண்கள் முதலில் கேலி பேசினார்கள், பிறகு திட்டினார்கள், பிறகு பிள்ளைகளின் பசியைக் காட்டிக் கெஞ்சினார்கள். அந்தப் பெண்களும் பட்டினிதான். ஒருத்தியும் இறங்கவில்லை. அந்த வரப்பில் நானும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அழுகை வந்துவிட்டது. மறைக்கவில்லை.

கடைசியில் சங்கத்துக் கொடிக்கம்பத்தடியில் தெரு கூடியது. தலைவர் அவள் புருஷனை எழுந்து நிற்கச் சொன்னார். அவன் எழுந்தான். திருக்காட்டுப்பள்ளியில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவதாகச் சொன்னான். அவள் இருக்கும்வரை அந்த வீட்டை யாரும் கேட்கக் கூடாது என்று தெருவே வாக்குக் கொடுத்தது. பட்டா மட்டும் அவன் பேரிலேயே இருந்தது. அதை மாற்ற நாங்கள் தாசில்தார் ஆபீசுக்கு நடந்ததெல்லாம் வீண். அந்த மனவருத்தம் எனக்கு இன்னும் உண்டு.

மறுநாள் காலையில் பெண்கள் வயலில் இறங்கினார்கள். அன்றைக்கே நான் அவளை பஸ்சில் கூட்டிக்கொண்டு போனேன். மாவுக்கட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னல் வழியாக வயல்களையே பார்த்துக்கொண்டு வந்தாள். தெருவில் ஆள் நடமாட்டமில்லை. எல்லோரும் நடவில்.

குடிசைக்கு முன்னால் போய் நின்றோம். போகிற போக்கில் கதவைக் கழற்றிக்கொண்டு போயிருந்தான் பாவி. நிலை மட்டும் நின்றது. உள்ளே அடுப்பும், கவிழ்த்து வைத்த பானையும் தெருவுக்குத் தெரிந்தன. தனியாக இருக்கப் போகிறவள், அதுவும் கை ஒடிந்தவள்.

"இரு, இப்பவே ஒரு ஆசாரிய கூட்டிட்டு வர்றேன். பொழுது சாயறதுக்குள்ள மாட்டிடலாம்" என்று கிளம்பினேன்.

அவள் இடது கையால் என் முந்தானையைப் பிடித்து நிறுத்தினாள்.

"வேணாங்க்கா, தெறந்தே கெடக்கட்டும். இத்தன வருசமும் அதச் சாத்திட்டுத்தானே அடிச்சான்."