தலைக்கு மேல் நிற்கும் வியாழன்

இந்த ஊரில் மேகத்துக்காகவும் மனிதர்கள் மன்னிப்புக் கேட்கிறார்கள். ஸ்காட்லாந்தில் என் வீட்டுக் கொல்லையில் தொலைநோக்கியைத் தூக்கிவைத்ததும், வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கும் பக்கத்து வீட்டம்மா வானத்தைப் பார்த்துவிட்டு ‘ஸாரி’ என்பார், மேகம் என்னவோ அவர் வளர்க்கும் பூனை என்பதுபோல. அபூர்வமாக மேகம் விலகினாலும் வியாழன் அவர் வீட்டுப் புகைபோக்கிக்கு மேலே ஏறாது. புகைபோக்கியின் சூட்டில் நெளிந்து, கலக்கிய முட்டை மாதிரிதான் என் படத்தில் விழும். இத்தனைக்கும் எங்கள் வானியல் கிளப்பிலேயே பெரிய தொலைநோக்கி என்னுடையது.

என் சொந்த ஊரான ஆரணியில் என் தங்கையின் கணவர் சேகர் பட்டு நெய்கிறவர். நாலு வருடத்துக்கு முன் கடைசியாக ஊருக்குப் போனபோது, என் பழைய சின்னத் தொலைநோக்கியையும் கேமராவையும் அவர் தலையில் கட்டிவிட்டு வந்தேன். கோளைப் படமெடுப்பது என்றால் முதலில் வீடியோ எடுக்க வேண்டும். அதிலுள்ள ஆயிரக்கணக்கான படங்களில் அசையாமல் விழுந்தவற்றை மட்டும் பொறுக்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். எனக்கு மென்பொருள் பொறுக்குகிறது. சேகரோ தறியை விட்டு எழுந்துவந்து, புடவையில் இழை பிசகிய இடத்தைத் தேடும் அதே கண்ணால் ஒவ்வொன்றாகப் பொறுக்குகிறார். அப்படி அவர் அனுப்பிய வியாழனில் பட்டைகள் தெளிவாக இருந்தன. அதன் நிலவு ஒன்றின் நிழல்கூடக் கரும்பொட்டாக விழுந்திருந்தது. எனக்கு வயிறு எரிந்தது.

“இன்னா மச்சான், உங்களுது அம்மாம் பெருசு, ஏன் கலங்கலா வருது?” என்றார் போனில். “இங்க சாயங்காலமே குரு தலைக்கு மேல வந்து நிக்கறாரு. நான் சும்மா புடிச்சிகினு இருக்கேன்.”

அந்தச் ‘சும்மா’வைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

படத்தை எங்கள் கிளப்பின் குழுவில் என் பெயரில் போட்டேன். தேதியை எழுதினேன், நேரத்தை எழுதவில்லை. பெரிய கெட்டிக்காரன் என்று நினைப்பு. நிலவின் நிழல் எந்த நிமிடத்தில் எங்கே விழும் என்று கணக்கிட்டுவிடலாம் என்பது எனக்கு உறைக்கவேயில்லை. கிளப்பின் மூத்தவர் அலன், ஓய்வுபெற்ற தபால்காரர், கணக்கிட்டுவிட்டார்.

“நிழல் இந்த இடத்துக்கு வந்தபோது நமக்கு மத்தியானம் மூன்று மணி” என்றார் அடுத்த கூட்டத்தில். என் முகம் செத்துவிட்டது. அவரே சற்று யோசித்து, “ஓ, ஊருக்குப் போயிருந்தாயா? சொல்லவேயில்லையே!” என்று தோளைத் தட்டினார். நான் தலையாட்டிவிட்டேன். அந்த வாரமே படம் நூலகக் கண்காட்சிக்குப் போனது. கீழே ஒரு சீட்டில் என் பெயர், அடுத்து ‘ஆரணி, இந்தியா’.

சேகரை அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன். நாலு வார்த்தை திட்டினால் தேவலை என்றிருந்தது.

“அதுக்கு இன்னா மச்சான், வெச்சிக்குங்க” என்று சிரித்தார். “குரு நாளைக்கும் இங்கதான நிப்பாரு, நான் வேற புடிச்சிக்கறேன்.”

அந்தத் தாராளத்தின்மீதும் எனக்குப் பொறாமைதான் வந்தது. மறுநாள் பெயரை மாற்றச் சொல்லத்தான் நூலகத்துக்குப் போனேன். அலனும் அங்கே இருந்தார். என் பெயரும் ஆரணியும் ஒரே சீட்டில் இருப்பதை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு இரண்டையும் பிரிக்க மனம் வராமல் வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.