அலறல் அக்காவின் பிழைப்பு

சாவதுதான் அவளுடைய வேலை. வீடியோ கேமில் யாராவது ஒரு பெண்ணைச் சுட்டாலும், வெட்டினாலும், மாடியிலிருந்து தள்ளினாலும், கேட்கிற குரல் அவளுடையது. ஸ்டுடியோவில் எல்லோருக்கும் அவள் 'அலறல் அக்கா'. சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் வாசலில் நிற்கும் வாட்ச்மேன் திருதிருவென்று விழிப்பார்.

வந்தது என்னவோ கதாநாயகிக்குக் குரல் கொடுக்கத்தான். கரகரத்த தொண்டைக்கு யார் காதல் வசனம் தருவார்கள்? நர்ஸ், வேலைக்காரி, கூட்டத்தில் ஒருத்தி என்று ஒப்பேற்றிக்கொண்டிருந்தவளை ஒரு நாள் சவுண்டு இன்ஜினியர் மைக் முன்னால் நிறுத்தி, "உங்களை உயிரோட கொளுத்துறாங்கன்னு நினைச்சுக்குங்க" என்றார். நினைத்துக்கொண்டாள். வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் பதறியடித்து உள்ளே ஓடிவந்தார்கள். அன்றோடு அவள் தலையெழுத்து முடிவானது.

கட்டிக்கொண்டவன், சமையலறையில் அவள் கத்திப் பழகுவதைச் சகிக்காமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். மிச்சம் இருந்தது ஒரு தம்பி. இவள் தொண்டை கிழியக் கத்திப் படிக்கவைத்த பிள்ளை. இப்போது வங்கியில் வேலை. சாப்பாடும் தூக்கமும் அக்கா வீட்டில்.

தொழிலில் அவளுக்குக் கர்வம் உண்டு. குத்துப்பட்டவளுக்கு முதலில் மூச்சுதான் போகும், சத்தம் பிறகுதான் வரும் என்பாள். கேட்கிறவர்கள் மெல்ல நழுவிவிடுவார்கள்.

எங்கோ ஒரு பள்ளிக்கூடத்தில் கத்திக்குத்து நடந்தது. பழி வீடியோ கேம் தலையில் விழுந்தது. தடை செய் என்று ஒரு கூட்டம், பிழைப்பில் மண்ணைப் போடாதே என்று இன்னொரு கூட்டம். அரசாங்கம் வழக்கம்போல ஒரு குழு போட்டது. குழு, கேம் தயாரிக்கும் கம்பெனியைக் கூப்பிட்டது. முதலாளி இவளைக் கூப்பிட்டார்.

"நீங்க போய்ப் பேசுங்கக்கா. நம்ம எல்லார் பொழப்பும் உங்க கையிலதான் இருக்கு."

நீள மேஜை, தண்ணீர் பாட்டில், தட்டில் பிஸ்கட். தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி. மனநல டாக்டரம்மா ஒருவர், இன்னும் சில பெரிய மனிதர்கள். இவள் மனப்பாடம் செய்து வந்ததை ஆரம்பிப்பதற்குள் நீதிபதி கையைக் காட்டி நிறுத்தினார்.

"அதெல்லாம் இருக்கட்டும். எங்க, ஒண்ணு செஞ்சு காட்டுங்கம்மா, பார்ப்போம்."

அங்கேதான் அவள் கெட்டாள். விவரம் தெரிந்தவளாக இருந்தால் தொண்டை கட்டிவிட்டது என்று ஒப்புக்கு முனகிவிட்டு வந்திருப்பாள். இவளோ, திறமையைப் பார்த்துவிட்டால் வேலையைப் பிடுங்க யாருக்கு மனசு வரும் என்று நினைத்தாள். கைப்பையை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்தாள். மாடியிலிருந்து விழுந்தாள். கத்தியால் குத்துப்பட்டாள். டாக்டரம்மாவின் பிஸ்கட் கையிலேயே நின்றது. கடைசியில் எரிந்தாள், யாரும் கேட்காமலே, "வேணாம், என் புள்ள உள்ள இருக்கு" என்று தன் கையிருப்பிலிருந்தும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டாள்.

டாக்டரம்மா அழுதார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பிரமாதம்மா, உடம்பே சிலிர்த்துப்போச்சு" என்றார். கால் தரையில் பாவாமல் வீட்டுக்கு வந்தாள், தம்பிக்குக் கேக் வாங்கிக்கொண்டு.

உத்தரவு வந்தது. துப்பாக்கி இருக்கலாம். ரத்தம் இருக்கலாம், எத்தனை வயதுக்கு மேல் ஆடலாம் என்று அட்டையில் போட்டு விற்றால் போதும். சாகிறவர்களின் குரல் மட்டும் கூடாது, அது கேட்பவர் மனத்தைப் பாதிக்கிறது. குழுவே நேரில் கேட்டு உறுதி செய்துகொண்டதாம்.

கம்பெனி அவள் குரலை உருவி எறிந்துவிட்டு அதே கேமை மறுபடி விற்றது. முதலாளி போனை எடுப்பதில்லை. ஆனாலும் அவளுக்கு ஒரு நப்பாசை: சத்தமில்லாமல் சாகிறதை எவன் ஆடுவான்? உப்பில்லாத சோறு மாதிரி இருக்காதா? கூப்பிட்டுத்தானே ஆக வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை தம்பி சோபாவில் சாய்ந்து அந்தக் கேமை ஆடிக்கொண்டிருந்தான். திரையில் ஒரு தெரு முழுக்கப் பெண்கள் சத்தமில்லாமல் விழுந்துகொண்டிருந்தார்கள். அவள் பின்னால் வந்து நின்றாள்.

"என்னடா, சப்புன்னு இல்ல?"

"இல்லக்கா, இப்பதான் நல்லா இருக்கு." அவன் கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவில்லை. "முன்னாடி நீ கத்துனா கை நின்னுடும். பாவமா இருக்கும், பாதிப் பேரை விட்டுட்டுப் போயிடுவேன். இப்ப பாரு, ஒருத்தியக்கூட விடல."

அவன் நகர்ந்து இடம் விட்டு, கன்ட்ரோலரை அவள் கையில் திணித்தான்.

"சும்மாதானே இருக்க, நீயும் ஆடு. அந்தப் பச்சைச் சட்டைக்காரியப் போடு."

பட்டனை அழுத்தினாள். பச்சைச் சட்டைக்காரி மடங்கி விழுந்தாள். ஒன்றுமே தோன்றவில்லை.

"அப்படித்தான். அடுத்தவ."

அவளையும் சுட்டாள்.