நாற்பது நிமிடமா, இருபத்தாறு நிமிடமா

ஆல்வீனா டோர்விக் வடக்கு டகோட்டாவில் கோதுமை விதைக்கிற வீட்டுப் பெண். அந்த வீட்டிலிருந்து கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். அணுக்கருவை ஆராயும் இடங்களை அமெரிக்காவிலேயே விரல்விட்டு எண்ணிவிடலாம் என்றிருந்த காலத்தில், இல்லினாயில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஓராண்டு வேலை கிடைத்தது.

வேலையில் பாதி ஓட்டம். ஒரு கட்டிடத்தில் உலோகத் தகட்டின் மேல் துகள்களைப் பாய்ச்சுவார்கள். அதிலிருந்து வரும் கதிர்வீச்சு அடங்குவதற்குள் தகட்டை எடுத்துக்கொண்டு அடுத்த கட்டிடத்தின் நிலவறைக்கு ஓட வேண்டும். அங்கேதான் கதிர்களை எண்ணும் கருவி இருந்தது. பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பனியில் அவள் ஓடி வந்தால், "டோர்விக் வருது, வழிய விடுங்கப்பா" என்று மாணவர்கள் ஒதுங்குவார்கள்.

1938 ஜனவரியில் அவள் ஒரு புதிய கதிர்வீச்சைக் கண்டாள். நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைகிறது என்று அளந்து, ஆய்விதழுக்குக் கடிதமும் அனுப்பிவிட்டாள். ஒரு மாதம் கழித்து, அதே கதிர்வீச்சை அளந்த கலிஃபோர்னியாக்காரர்களிடமிருந்து தகவல் வந்தது: இருபத்தாறு நிமிடம்.

துறைத் தலைவர் பிரெஸ்காட் அவளைக் கூப்பிட்டார். "வெள்ளிக்கிழமைக்குள்ள எது சரின்னு சொல்லும்மா. இல்லன்னா கடிதத்தத் திரும்ப வாங்கிக்க. அப்படி வாங்கினா அடுத்த வருஷத்துக்கு உனக்காக நான் எங்கயும் போய்ப் பேச முடியாது."

மூன்று நாள் மறுபடி மறுபடி அளந்தாள். நாற்பதுதான் வந்தது. வியாழன் மதியம் கருவி மெக்கானிக் மெர்ல் ஸ்டாஃபர் ரொட்டியைக் கடித்தபடி சொன்னார்: "அவங்க கருவிதான் கெட்டுப்போயிருக்கும். நம்மளுது நான் கட்டினது."

"அதான் எனக்குப் பயமே" என்றாள் ஆல்வீனா.

கருவியில் எதுவும் வைக்காமலேயே சுற்றுப்புறத்திலிருந்து நிமிடத்துக்குச் சில கதிர்கள் எண்ணிக்கையில் வரும். அந்த வெறும் எண்ணிக்கையைக் காலையில் மெர்ல் எடுத்து எழுதிவைப்பார். பகலில் அவள் தகட்டை அளந்து, வந்ததிலிருந்து அதைக் கழிப்பாள். நான்கு மாதமாக இதுதான் வழக்கம். அன்று அவளே வெறும் எண்ணிக்கையை எடுக்க உட்கார்ந்தாள். முப்பத்தொன்று வந்தது. மெர்ல் உட்கார்ந்தார். இருபத்திரண்டு.

"என்ன டாக்டர், உங்க உடம்பே கதிர் வீசுதா?" என்றார் மெர்ல்.

ஆல்வீனா சிரிக்கவில்லை. வலது கையைக் கருவியருகே நீட்டினாள். மாற்றமில்லை. இடது கையை நீட்டினாள். கருவியின் டிக் டிக் சத்தம் அடிக்கடி கேட்டது. மணிக்கட்டில் கைக்கடிகாரம். மங்கலான நிலவறையிலும் நிமிடம் தெரிய வேண்டும் என்று வாங்கியது. எண்களின் மேல் இருட்டில் ஒளிரும் ரேடியம் பூச்சு; ரேடியமும் கதிர் வீசும்.

"இத்தன நாளா இதையும் சேர்த்துல்ல எண்ணியிருக்கேன்" என்றாள்.

"நல்லவேள, சுவர்க்கடிகாரத்தக் கட்டிக்கிட்டு வரல" என்றார் மெர்ல்.

கடிகாரத்தைக் கழற்றி மாடியில் வைத்துவிட்டு, பழைய குறிப்பேடுகளைப் பரப்பினாள். ஒவ்வொரு வரியிலும் ஒன்பதைக் கழித்தாள். வரைதாளில் ஒவ்வொன்றாகப் புள்ளி வைத்தாள். வால்பக்கம் வளைந்து நின்ற கோடு நேராக இறங்கியது. இருபத்தாறு.

வெள்ளிக்கிழமை காலை பிரெஸ்காட் வரைதாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"தப்பு என்னோடது. ஆனா கதிர்வீச்சு நிஜம்" என்றாள் அவள்.

"அப்போ திரும்ப வாங்குவானேன்? நம்பர மட்டும் மாத்தச் சொல்லு."

ஆய்விதழுக்குத் தந்தி அடித்தாள். மறுநாள் பகலில் பதில் வந்தது: கடிதம் இன்னும் அச்சேறவில்லை, திருத்திவிட்டோம்.

ஆல்வீனா நிலவறைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். மெர்ல் பக்கத்தில் வந்து தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்துக் கொடுத்தார். நான்கு நாளாகச் சரியாகச் சாப்பிடாதவள் அதை இரண்டே வாயில் முடித்தாள்.

"மீதியும் வேணுமா?" என்றார்.

"கேக்கலாமான்னுதான் யோசிச்சேன்."

அடுத்த ஆண்டுக்கான நியமன ஆணை மே மாதம் வந்தது. அதற்கப்புறம் முப்பத்தொரு வருடம் அவள் அங்கிருந்து நகரவில்லை.