நான் வெட்டிய நாலு தட்டு

நடந்ததைத்தான் எழுதுகிறேன். நம்ப வைப்பதற்காக எதையும் சேர்க்கவில்லை.

எனக்கு இருபத்து நாலு வயது. விழுப்புரத்தில் தினமும் சாயங்காலம், ஸ்கூல் யூனிபார்ம்கூட மாற்றாத பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்து ச ரி க ம சொல்லிக்கொண்டிருக்கிறேன். பிள்ளைகள் சிரிக்கிறார்கள். இசைவாணி டீச்சர் சிரிப்பதில்லை. சிரிக்க முடியாத அளவுக்கு என் குரல் மோசம். "உங்களுக்கு எதுக்கு சார் இது?" என்று ஒருநாள் கேட்டார். பதிலை இங்கே சொல்கிறேன்.

மயிலம் பக்கம் ஒரு இன்ஜினியரிங் கல்லூரியில் மூன்றாம் வருஷத்தோடு நின்றுவிட்டவன் நான். பிறகு விழுப்புரம் ஜங்ஷன் பக்கம் கண்ணையன் அண்ணன் கடையில் சேர்ந்தேன். கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டும் வேலை. பகலில் கம்ப்யூட்டரில் வேறு ஆள் உட்காருவான். ராத்திரி முழுக்க நான். ஷட்டரை உள்பக்கமாக இறக்கிவிட்டால் ரயில்வே அறிவிப்பைத் தவிர ஒன்றும் கேட்காது. மனிதர்கள் இல்லாத வேலை. அது எனக்குப் பிடித்திருந்தது.

போன ஐப்பசியில் ஜெசிந்தா அக்கா கடைக்கு வந்தார். முகையூர்க்காரர், திண்டிவனத்தில் வாழ்க்கைப்பட்டவர். கையில் ஒரு கட்டைப்பை. அதற்குள் கேசட்டுகள், சிடிக்கள், ரெண்டு பழைய போன்.

"எங்க வூட்டுக்காரர் பாட்டு தம்பி. ஜெகதீசன். கல்குவாரின்னு ஒரு பேண்டு இருந்துச்சி, கேட்டிருக்கியா?"

"இல்லக்கா."

"டேய், நீ பொறக்கறதுக்கு முன்னாடிடா," என்றார் கண்ணையன் அண்ணன். "தலைய விரிச்சிப் போட்டுக்கினு ஆடுவானுங்க. நாங்கல்லாம் சைக்கிள்ள போய்ப் பார்ப்போம்."

தொண்ணூறுகளில் திண்டிவனத்துப் பையன்கள் சேர்ந்து நடத்திய ராக் பேண்டு அது. ஜெகதீசன் கிடார் வாசித்துப் பாடுவார். அமீருதீன் டிரம்ஸ். நாலு வருஷத்தில் கலைந்துவிட்டது. அதற்குப் பிறகு ஜெகதீசன் யாரோடும் சேரவில்லை. இருபத்தாறு வருஷம் தனியாகவே பாடி, தனியாகவே பதிவு செய்திருக்கிறார். ஒரு கிடார், ஒரு மைக். அவ்வளவுதான்.

"இப்ப பாட முடியாது தம்பி. தொண்டையில கேன்சரு. ஆபரேஷன் பண்ணி குரல எடுத்துட்டாங்க. இனிமே வூட்லயே வச்சிப் பாத்துக்கங்கன்னு அனுப்பிட்டாங்க. தனியா பாடுன பாட்டு அத்தினியும் மொதல்லேர்ந்து கடைசி வரைக்கும் வரிசையா கேக்கணுமாம். நடுவுல நிக்கவே கூடாதாம். சைகையில அதையேதான் காட்டிக்கினு இருக்காரு. அதுக்குள்ள முடிச்சிக் குடுத்துடு."

எதற்குள் என்று நான் கேட்கவில்லை.

மூன்று வாரம் அந்த வேலைதான். முதல் பாட்டு ஓமந்தூரில் ஒரு பம்ப்செட் கொட்டகைக்குள் கேசட்டில் பதிவானது. கடைசிப் பாட்டு போனில். மொத்தம் முப்பத்தொன்று. நல்ல பாட்டுகள். முரட்டுக் குரல். ஆனால் ஒவ்வொரு பாட்டும் யாரிடமோ கெஞ்சுவது போல இருந்தது. யாரிடம் என்று தெரியவில்லை.

எல்லாப் பாட்டுக்கும் முன்னால் ஒரு சத்தம் இருந்தது.

டக். டக். டக். டக்.

டிரம்மர்கள் அப்படித்தான் ஆரம்பித்துவைப்பார்கள். ரெண்டு குச்சிகளை ஒன்றோடொன்று தட்டிப் பாட்டின் வேகத்தைக் காட்டுவார்கள். நாலாவது தட்டு முடிந்ததும் பாட்டு தொடங்க வேண்டும். ஆனால் இந்தப் பாட்டு எதிலும் டிரம்ஸ் கிடையாது. பழக்கதோஷத்தில் அவரே தட்டிக்கொள்கிறார் என்று நினைத்தேன்.

பிறகு ஒரு பாட்டில் தட்டு விழும்போதே கிடாருக்குச் சுருதி சேர்க்கும் சத்தமும் கேட்டது. அப்படியென்றால் ரெண்டு கையும் கிடாரில் இருக்கிறது.

யாரோ கூட இருந்திருப்பார்கள். விட்டுவிட்டேன்.

இன்னொரு பாட்டை ஓடும் பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்து பதிவு செய்திருந்தார். இன்ஜின் இரைச்சல், ஹாரன், கண்டக்டர் விசில். அதற்கு நடுவில் அதே நாலு தட்டு. பஸ்ஸுக்குள் கேட்பது போல இல்லை. மூடிய அறைக்குள், என் காதுக்குப் பக்கத்தில் தட்டுவது போல...

அதையும் விட்டுவிட்டேன்.

கடைசி ராத்திரி, பத்து மணிக்கு அக்கா போன் செய்தார்.

"காலைக்குள்ள கொண்டாந்துடு தம்பி. தாங்கமாட்டாருன்னு தோணுது."

பின்னால் ஏதோ தட்டும் சத்தம். இரும்புக் கட்டிலில் தட்டுவது போல.

"இன்னாக்கா சத்தம்?"

"அது... ஆபரேஷன்லேர்ந்து அப்டித்தான். நீ வேலையப் பாரு."

வைத்துவிட்டார்.

பாட்டுகளை வரிசையாக ஒட்டிக் கேட்டேன். சரியாக வரவில்லை. நிற்காமல் ஓட வேண்டும் என்றார்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் இந்த நாலு தட்டு வந்து ஓட்டத்தை நிறுத்தியது. கல்யாண வீடியோவில் 'ரெடியா', 'இங்க பாருங்க' என்று கேமராமேன் சொல்வதையெல்லாம் முதலில் வெட்டிவிடுவோம். தொடங்குவதற்கு முன்னால் இருப்பது எல்லாம் குப்பை. எங்கள் வேலையில் அதுதான் முதல் பாடம். கை அதுவாகவே வெட்டிவிடும்.

முப்பத்தொன்றையும் வெட்டினேன். டிஸ்க்கில் இடம் இல்லாததால் பழைய பதிவுகளின் மேலேயே சேவ் செய்தேன்.

அப்போது மணி 1:40. திரையின் மூலையில் பார்த்தேன்.

ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டேன்.

டக். டக். டக். டக்.

எனக்குப் பின்னால். கேமராக்கள் வைக்கும் இரும்பு பீரோவில்.

திரும்பினேன். பீரோ மட்டும்தான் இருந்தது.

எலி என்று சொல்லிக்கொண்டேன். எலி தாளத்தோடு தட்டாது என்பதும் தெரிந்தது. பாட்டுதான் எங்கோ ஓடுகிறது என்று கம்ப்யூட்டரைப் பார்த்தேன். ஓடவில்லை. வெட்டியதைத் திரும்ப எடுத்து ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம் என்று தோன்றியது. ஒரிஜினல் கேசட்டுகள் பையில்தானே இருக்கின்றன? முதல் கேசட்டை டெக்கில் போட்டேன்.

உஸ்ஸ்... என்று டேப் இரைச்சல். பிறகு நேராகப் பாட்டு.

தட்டு இல்லை.

ரெண்டாவது கேசட். இல்லை.

சிடியைப் போட்டேன். இல்லை. அக்கா கொடுத்த பழைய போன்களிலும் இல்லை. நான் வெட்டியது கம்ப்யூட்டரில் மட்டும். ஆனால் எல்லாவற்றிலிருந்தும் அது போய்விட்டது.

டக்... டக்... டக்... டக்...

இந்த முறை பீரோவில் இல்லை. மேஜையில்.

அந்த வேகம் எனக்குத் தெரியும். மூன்று வாரமாகக் கேட்டது. பம்ப்செட் கொட்டகைப் பாட்டின் வேகம்.

கொஞ்ச நேரம் அமைதி. யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்ப்பது போல ஓர் அமைதி. எதற்கோ காத்திருக்கும் அமைதி.

டக். டக். டக். டக்.

அது ரெண்டாவது பாட்டின் வேகம்.

வரிசையாக வருகிறது... நான் ஒட்டிய அதே வரிசையில்.

பென்டிரைவில் ஏற்றினேன். ஷட்டரைத் தூக்கினேன். பூட்டக்கூட இல்லை. பைக்கை எடுத்தேன்.

நெடுஞ்சாலையில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. வெளிச்சத்தையும் ஆட்களையும் பார்த்ததும் தைரியம் வந்தது. விக்கிரவாண்டி தாண்டினேன். ஒன்றும் இல்லை. வேலை அலுப்பு, தூக்கமின்மை, மூளைக் குழப்பம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கூட்டேரிப்பட்டு நெருங்கும்போது பைக் லேசாக அமுங்கியது.

பின் சீட்டில் ஆள் ஏறினால் அமுங்குவது போல.

வேகத்தைக் குறைக்கவில்லை. கண்ணாடியைப் பார்க்கவில்லை.

டக்.

என் ஹெல்மெட்டின் மேல்.

டக்.

டக்.

டக்.

திண்டிவனம் வரை... அப்படியே.

வீடு திறந்திருந்தது. உள்ளே கால் வைத்ததும் தட்டு நின்றது. வீட்டில் அப்படியொரு அமைதி. அக்கா கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். அழுத கண்.

"தூங்குறாரு தம்பி. ரொம்ப நாள் கழிச்சி இன்னிக்கித்தான் தூங்குறாரு. இன்னா இப்டி வேர்த்துப்போயி இருக்கே?"

"ஒண்ணுமில்லக்கா."

ஜெகதீசன் எலும்பும் தோலுமாகக் கிடந்தார். தொண்டையில் ஓட்டை. அதன் வழியாக மூச்சு போய் வந்தது. பென்டிரைவை ஸ்பீக்கரில் செருகினேன். முதல் பாட்டு நேராகத் தொடங்கியது.

கண்ணைத் திறந்தார்.

ஸ்பீக்கரைப் பார்த்தார். அறையின் மூலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார். முகத்தில் ஒரு பெரிய நிம்மதி வந்தது. அடுத்த நொடியே அது கலைந்தது. கண்ணில் தண்ணீர் வழிய, கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்தார். பிறகு, அவ்வளவு பெரியவர், என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

"பாரேன், எவ்ளோ சந்தோஷம்!" என்றார் அக்கா.

நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஜன்னலில் வெளிச்சம் வந்தபோது மூச்சு நின்றது. பத்தொன்பதாவது பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அக்கா நிறுத்தவிடவில்லை. கடைசிப் பாட்டு வரை ஓடவிட்டோம்.

காரியம் முடிந்த பிறகு அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஒண்ணு சொல்லணும் தம்பி. யார்கிட்டயும் சொல்லல. ஆபரேஷன்லேர்ந்து ராத்திரியானா அந்தக் கட்டில்ல தட்டிக்கினே இருக்கும். அவர் கை அசையவே அசையாது. ஆனா தட்டும். அவரு வாயத் தொறந்து தொறந்து மூடுவாரு. குரல் எங்க வரும்? அன்னிக்கி ராத்திரி பட்டுனு நின்னுபோச்சி. போயிட்டாரோன்னு பயந்து மணி பாத்தேன்."

"எத்தினி மணி?"

"ஒண்ணு நாப்பது."

தட்டுவது யார் என்று யோசித்தால் ஒரே ஆள்தான் நினைவுக்கு வந்தார். "அக்கா... அந்த டிரம்மரு அமீருதீன், எப்ப செத்தாரு?"

"சாவலியே! சவுதிலேர்ந்து வந்துட்டாரு. கோட்டக்குப்பத்துல கடை வச்சிக்கினு நல்லாத்தானே இருக்காரு?"

நம்பர் வாங்கி அன்றைக்கே பேசினேன். யார் என்று சொன்னேன். பாட்டுகளுக்கு முன்னால் நாலு தட்டு இருந்தது என்றேன்.

கடையில் யாரையோ வெளியே போகச் சொல்லிவிட்டுத் திரும்ப வந்தார்.

"இருந்துச்சின்னா? வெட்டிட்டியா?"

"வெட்டிட்டேன் பாய்."

"யா அல்லா." "அது நான் தட்டுனது இல்ல தம்பி. பேண்டுல இருக்கசொல்லவே, நான் குச்சியத் தூக்கறதுக்கு முன்னாடி சத்தம் வந்துடும். அப்பல்லாம் ஜெகாவுக்கும் எனக்கும் மட்டும்தான் கேக்கும். அவன் பாடுனா அடங்கும். பாடலன்னா வுடாது. எனக்குப் பேஜாராப் போயி சவுதிக்கு ஓடிட்டேன். அவனால ஓட முடியல. அவன் இன்னா ஆசப்பட்டா இத்தினி வருஷமா ஒண்டியா பாடிக்கினு இருந்தான்?"

ஜெகதீசன் என்னைக் கும்பிட்டது எதற்கென்று அப்போதுதான் புரிந்தது.

"இப்ப எங்க இருக்குது அது?"

போனைக் காதிலிருந்து எடுத்தேன். மேஜையின் மேல் பிடித்தேன். அவருக்கும் கேட்கட்டும் என்று.

டக். டக். டக். டக்.

திரும்பக் காதில் வைத்தேன். அவர் குரல் மாறியிருந்தது.

"உனக்குப் பாட வருமா தம்பி?"

"வராதுங்க பாய்."

"கத்துக்கோ," என்றார். "ஜல்தி கத்துக்கோ."