முழங்கை மடிப்பில் ஒரு பழுப்பு

மோதி நசுங்கிய கார்க் கதவைத் தட்டி நிமிர்த்துவது ஒருவர் வேலை. அதற்கு வர்ணம் பீய்ச்சுவது இன்னொருவர் வேலை. இவ்விருவருக்கும் நடுவே நின்று, புதிய வர்ணம் பழைய உடம்போடு ஒட்டுப்போட்டது தெரியாதபடி கலந்து கொடுப்பவள் என் தங்கை. வர்ணக் கம்பெனியின் கலவைக் குறிப்பு புத்தம்புதிய வண்டிக்குத்தான் பொருந்தும். வெயில் தின்ற வண்டியின் சிவப்பு வேறு. அந்த வேற்றுமையைக் கண்ணால் பிடிப்பதே அவள் பிழைப்பு. பட்டறையில் அவளுக்குப் பெயரே ‘கண்ணக்கா’ என்றாகிவிட்டது.

ஈர வர்ணத்தைப் பார்த்து அவள் ஒருபோதும் தீர்ப்புச் சொல்ல மாட்டாள். ஈரத்தில் ஒரு நிறம் காட்டும்; காய்ந்தபின் இன்னொன்று. வண்டிக்காரர் பக்கத்தில் நின்று, “ஐயோ, என்னம்மா இது, வேற கலரா தெரியுதே!” என்று பதறினாலும், “அடங்கட்டும் சார், அப்புறம் திட்டுங்க” என்பாள். பெரும்பாலும் திட்டுவதற்கு வேலையிருக்காது.

அவளுக்குக் கருப்பையில் நார்க்கட்டி வளர்ந்து, மாதந்தோறும் இரத்தப்போக்கு மிகுந்து, முகம் வெளுத்துப் போயிற்று. கட்டியை எடுத்தாக வேண்டும்; ஆனால், உடம்பில் இரத்தம் ஊறினாலன்றிக் கத்தி வைக்க முடியாது என்று மருத்துவர் கையை விரித்துவிட்டார். இரும்புச்சத்து மாத்திரைகள் அவள் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஆகவே, இரும்புச்சத்தை நேரே இரத்தக் குழாயில் இரண்டு தவணையாக ஏற்றுவது என்று முடிவாயிற்று.

முதல் தவணைக்குத் துணையாக நான் சென்றேன். இடக்கையில் ஊசியைச் செருகிய செவிலியர், சொல்ல வேண்டியதையெல்லாம் தெளிவாகவே சொன்னார்.

“வாயில ஒரு மாதிரி ருசி வரலாம், தலை வலிக்கலாம், குமட்டலாம். அதெல்லாம் போயிடும். ஆனா மூச்சு முட்டுனாலோ, உடம்பு அரிச்சாலோ, ஊசி குத்துன இடம் எரிஞ்சாலோ உடனே கூப்பிடணும். சரியாம்மா?”

“சரி சிஸ்டர். இந்த மருந்துக்கு இந்தக் கலர் தானாவே வருதா, இல்லை சேர்க்கிறாங்களா?”

“இரும்புல வர்றதுதாம்மா. இதுவரைக்கும் யாரும் இதைக் கேட்டதில்லை!”

சொட்டுகள் இறங்கத் தொடங்கின. சிறிது நேரத்தில் நாக்கைச் சப்புக்கொட்டிப் பார்த்தாள். “அண்ணா, சாவிக்கொத்தை வாயில போட்டுக்கிட்ட மாதிரி இருக்கு. நிஜமாவே இரும்புதான்!” வலியில்லாத வியப்பு அவள் முகத்தில் இருந்தது. பிறகு மருந்துப்பையை அண்ணாந்து பார்த்தபடி, கறுப்பா, பழுப்பா, இரண்டுக்கும் இடையிலா என்று தனக்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

அவள் முழங்கையை வாயால் ஊதுவதை நான் கண்டபோது, மடிப்பில் வீக்கம் எழும்பியிருந்தது. நான் கூப்பிட்ட குரலுக்குச் செவிலியர் ஓடி வந்து குழாயை அடைத்தார்.

“எவ்வளவு நேரமா எரியுது?”

“கொஞ்ச நேரமா. இப்பத்தானே ஆரம்பிச்சிருக்கு, அடங்கிடும்னு இருந்தேன்.”

“இது அடங்குற சங்கதி இல்லைம்மா! மருந்து நரம்பை விட்டு வெளியே கசிஞ்சிருக்கு. எரிச்சல் வந்தவுடனே சொல்லியிருந்தா அப்பவே நிறுத்தியிருப்பேன்.”

செவிலியரின் பேச்சை அவள் கேட்காமல் இல்லை, அலட்சியமும் இல்லை. எதையும் அரைகுறையில் எடைபோடாத பழக்கம், போடவேண்டிய இடத்திலும் அவளைப் போடவிடவில்லை.

வீக்கம் வடிந்தது. ஆனால் தேநீர் கொட்டிக் காய்ந்தது போல் ஒரு பழுப்புக் கறை தோலுக்குள் படர்ந்து நின்றது. மருத்துவர் ஒளிக்கவில்லை. மெல்ல மங்கலாம், ஆண்டுக்கணக்கில் ஆகலாம், சிலருக்குப் போகாமலே நின்றுவிடுவதும் உண்டு என்றார். இரண்டாம் தவணையை வலக்கையில் ஏற்றலாம் என்றும் சொன்னார்.

பட்டறையில் கேலிக்குக் கேட்க வேண்டுமா? “கண்ணக்கா, கையைக் குடுங்க, ஒரு பாலிஷ் போட்டா போயிடும்” என்றார் தகடு தட்டுபவர்.

“உன் தலையில உள்ள சொட்டையை முதல்ல டச்சப் பண்ணுடா” என்றாள் இவள்.

அன்று மாலையே செங்காவியில் மஞ்சளும் துளிக் கறுப்பும் கலந்து, ஒரு தகட்டுத் துண்டில் பூசிக் காயவைத்து, கறையோடு ஒட்டவைத்துப் பார்த்தாள். நூல் பிசகாமல் பொருந்தியது. அந்தத் துண்டை வைத்துக்கொண்டு அவ்வப்போது கறை மங்குகிறதா என்று சோதித்தாள். ஓரத்தில் மட்டும் சற்றே வெளுத்திருந்தது. அதற்கே என்னைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னாள்.

அவள் கணவரான மச்சானுக்கு இந்த ஆராய்ச்சியெல்லாம் பிடிக்கவில்லை. பள்ளி வாகனம் ஓட்டுபவர், அதிகம் பேசாதவர், அன்று பேசினார்.

“ஒரு கை போனது போதாதா? இப்ப வேலை செய்யுற கையையும் நீட்டப் போறியா?”

“கை எங்கே போச்சு? கலர்தான் மாறியிருக்கு.”

“விளையாடாதே. மூச்சு முட்டும்னு வேற சொல்றாங்க. அந்த ஊசியே வேண்டாம்.”

“இப்ப மட்டும் முட்டாம இருக்கா? மாடி ஏறுறதுக்குள்ள நாக்குத் தள்ளுது. ஊசியால முட்டுனா பார்க்கத்தானே ஆஸ்பத்திரியிலேயே உக்கார வைக்கிறாங்க?” என்றவள், குரலைத் தாழ்த்தினாள். “இந்தக் கட்டியோட என்னால இன்னொரு மாசம் தள்ள முடியாதுங்க.”

இரண்டாம் தவணைக்குத் தாமே அழைத்துச் செல்வதாக மச்சான் சொன்னார். என்னையும் வரச்சொன்னார்.

இம்முறை என் தங்கை செவிலியரை உட்கார விடவில்லை. ஊசி நுழைந்ததும், “சிஸ்டர், சில்லுனு இருக்கு” என்றாள். அவர் தொட்டுப் பார்த்து, சரியாக இருக்கிறது என்றார். “சிஸ்டர், இழுக்குற மாதிரி இருக்கு.” ஒட்டுப்பட்டை முடியைப் பிடித்திருந்தது, பிரித்து ஒட்டினார். “சிஸ்டர்...” என்று மறுபடி தொடங்கியதும் மச்சான் கூசிப்போய், “சும்மா சும்மா கூப்பிட்டா அவங்களுக்கு வேற வேலை இல்லையா?” என்று அதட்டினார்.

“இதுதாங்க என் வேலை. நீங்க சும்மா இருங்க சார், அவங்க கூப்பிடட்டும்” என்றார் செவிலியர்.

மருந்து கசியாமல் முழுவதும் ஏறிற்று. மூச்சுத் திணறலோ அரிப்போ வருகிறதா என்று அரைமணி நேரம் உட்காரவைத்துப் பார்த்தார்கள், வரவில்லை. மறுநாள் யாரோ அடித்துப் போட்டது போல் மூட்டுக்கு மூட்டு வலித்தது. “எந்த மூட்டுல வலி முதல்ல விடுதுன்னு பார்க்கிறேன்” என்று படுத்துக்கொண்டாள். முழங்கால் முதலில் விட்டதாகத் தகவல் வந்தது.

சில வாரங்கள் கழித்து இரத்தத்தைச் சோதித்தார்கள். அறிக்கையைப் படித்த அறுவை மருத்துவர் முதல்முறையாகச் சிரித்தார். வரும் திங்கட்கிழமையே கட்டியை எடுத்துவிடலாம் என்றார். மச்சான் கண்ணைத் துடைத்துக்கொண்டு சன்னல் பக்கம் திரும்பினார்.

“வேற ஏதாவது கேட்கணுமாம்மா?”

“அந்தக் கட்டி என்ன கலர்ல இருக்கும் டாக்டர்?”

மருத்துவர் எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்தார். “பெரும்பாலும் வெள்ளையாத்தான் இருக்கும்.”

தங்கை நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டாள். “வெள்ளையில எந்த வெள்ளை?”