ஆட்சேபணை இல்லாத இடம்

நான் நன்றாக மனு எழுதுவேன். இருபது வயதிலேயே எங்கள் ஊரில் அந்தப் பெயரைச் சம்பாதித்துவிட்டேன். அப்பா லுத்தரன் சபைப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். கையெழுத்து அவரிடமிருந்து வந்தது. அனுப்புநர், பெறுநர், பொருள் என்று வரிசையாகப் போட்டுக் கடைசியில் 'தங்கள் உண்மையுள்ள' என்று முடிக்கும்போது எனக்கே ஒரு தினுசான மிதப்பு வரும். முதியோர் பென்ஷன், தெருவிளக்கு, வாய்க்கால் மதகு என்று எதற்கும் என்னைத் தேடி வருவார்கள். அந்த மிதப்பு ஒரு குடும்பத்தின் கூரையைப் பிரித்தது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. போன மாதம் எங்கள் ஊர் விளையாட்டு அரங்கத்தைத் திறந்துவைத்தார்கள். அதற்கு நான்தான் காரணம் என்று மேடையில் எனக்குச் சால்வை போட்டார்கள். சால்வையை வாங்கிக்கொண்ட பிறகும் சும்மா இருக்க முடியவில்லை.

எங்கள் ஊர் குடவாசலிலிருந்து கிழக்கே போகும் சாலையில் இருக்கிறது. வயலும் வாய்க்காலும் போக மிச்சமிருப்பது வீடுகள்தான். விளையாட ஓர் இடம் கிடையாது. எங்களிடம் ஒரு வாலிபால் அணி மட்டும் இருந்தது. தையில் அறுப்பு முடிந்ததும் தாள் காய்ந்த வயலில் மூங்கில் நட்டு, நாகப்பட்டினத்திலிருந்து வாங்கிவந்த பழைய மீன்வலையை வெட்டிக் கட்டி ஆடுவோம். ஆனியில் ஆற்றுத் தண்ணீர் வந்துவிட்டால் மூங்கிலைப் பிடுங்க வேண்டியதுதான். அடுத்த அறுப்பு வரைக்கும் மதகுக் கட்டையில் உட்கார்ந்து வெட்டிப்பேச்சு. திருப்பனந்தாள் பக்கம் போட்டிக்குப் போனால், வருஷம் முழுக்க ஆடிப் பழகிய அணிகள் எங்களைத் துவைத்துக் காயப்போட்டு அனுப்புவார்கள். திரும்பி வரும் பஸ்ஸில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கமாட்டோம்.

அந்த அணியில் உருப்படியாக அடிக்கத் தெரிந்தவன் என் கூட்டாளி ஒருவன்தான். நான் வலையோரம் நின்று பந்தைத் தூக்கிக் கொடுப்பவன். லிஃப்ட் போடுவது என்போம். அவன் குதித்து அடிப்பவன். மற்றவர்கள் பந்து எங்கே வருகிறது என்று பார்த்துவிட்டுக் குதிப்பார்கள். அவன் என் விரல் பந்தில் படுவதற்கு முன்பே குதித்துவிடுவான். "பந்தைப் பாருடா, என்னிக்காவது தவறிப்போயிடும்" என்றால் சிரிப்பான். "நீ சரியாத்தான் தூக்குவே. அப்புறம் என்னத்தப் பாக்கறது?"

அவன் அம்மா பண்ணையில் நடவு ஆள். ஒரு காலத்தில் பண்ணைவீட்டுக் கொல்லையிலேயே அவர்கள் குடிசை இருந்தது. கூலி கேட்டு ஆட்கள் வயலில் இறங்காமல் நின்ற வருஷங்கள் அவை. குடியிருப்பவனுக்கே மனை சொந்தம் என்று சட்டம் வரப்போகிறதாம் என்ற பேச்சும் கிளம்பியது. சட்டம் வந்து சேர்வதற்குள் பண்ணை ஆட்கள் வந்து, சட்டிபானைகளைத் தூக்கி வெளியே வைத்துவிட்டார்கள். கைக்குழந்தையாக அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் போய்ச் சேர்ந்த இடம் ஊர்ப்பொதுக் களம். கதிரடிக்கிற களம், புறம்போக்கு. டிராக்டர் வந்த பிறகு அதில் யாரும் கதிரடிப்பதில்லை. அதன் வடகோடியில் அவள் ஒரு கூரை போட்டாள். நான் பார்க்கும்போது அந்தக் குடிசைக்குக் கிட்டத்தட்ட அவன் வயது. வாசலில் ஒரு முருங்கை மரம், பக்கத்தில் மண்ணால் மெழுகிய அடுப்பு.

அங்கே குடியிருப்பது குற்றம் என்று வருஷா வருஷம் ஒரு பி-மெமோ வரும். ஆக்கிரமிப்புக்கு அபராதம் கட்டச் சொல்லும் துண்டுச்சீட்டு அது. அவள் அதைத் தண்டனையாக எடுத்துக்கொண்டதே இல்லை. இத்தனை வருஷம் நாம் இங்கேதான் இருக்கிறோம் என்று சர்க்காரே எழுதிக் கொடுத்த சாட்சி அது. என்றைக்காவது பட்டா வரும்போது காட்ட வேண்டும். எல்லாச் சீட்டுகளையும் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருந்தாள். நான் போகும்போதெல்லாம் எடுத்துக் காட்டுவாள். "வாத்தியார் வூட்டுத் தம்பி, இது போதும்ல? பட்டா குடுத்துருவாங்கல்ல?"

"போதும்மா. நிச்சயம் குடுப்பாங்க" என்பேன். அவளுக்காக நான் எழுதிய பட்டா மனுக்களே நான்கைந்து இருக்கும்.

ஒரு தேர்தல் முடிந்து ஆட்சி மாறியது. கிராமங்களில் விளையாட்டுத் திடல் அமைக்கப்போகிறார்கள், இடம் காட்டினால் போதும் என்று செய்தி வந்தது. இடம் என்றால் களம்தான். அன்று மாலையே நான் மனு எழுத உட்கார்ந்தேன். களத்தின் தென்பாதி எங்களுக்குப் போதும். ஆனால் மனு எழுதுகிறவனுக்கு ஒரு புத்தி உண்டு: முழுசாகக் கேட்டால்தான் பாதியாவது கிடைக்கும். அந்தச் சர்வே நம்பர் முழுவதையும் கேட்டேன். பிறகு ஒரு வரி எழுதினேன். 'மேற்படி இடத்தில் குடியிருப்போ ஆக்கிரமிப்போ ஏதும் இல்லை என்பதையும், பொதுமக்கள் எவருக்கும் ஆட்சேபணை இல்லை என்பதையும் தெரிவித்துக்கொள்கிறோம்.'

தெரியாமல் எழுதினேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். பொய். தெரிந்துதான் எழுதினேன். குடிசை இருக்கிறது என்று எழுதினால் மனு முதல் மேஜையிலேயே படுத்துவிடும். முதலில் இடம் வரட்டும், ஓரமாக இருக்கிற ஒரு குடிசையை யார் என்ன செய்துவிடப் போகிறார்கள் என்று நினைத்தேன். அந்த வரி எழுத்து எழுத்தாக மணியாக விழுந்திருந்தது என்பதும் ஞாபகம் இருக்கிறது.

மறுநாள் மதகுக் கட்டையில் வைத்துக் கையெழுத்து வாங்கினோம். அவன்தான் முதலில் பேனாவைப் பிடுங்கினான். எட்டாவது வரை எங்கள் அப்பாவிடம் படித்தவன். நிறுத்தி வாசிக்கத் தெரியும்.

"படிச்சுட்டுப் போடுடா" என்றான் ஒருவன்.

"அவன் எழுதினதுல என்னத்தப் படிக்கிறது?" என்று சொல்லிவிட்டு, எல்லாப் பெயருக்கும் மேலே தன் பெயரைப் பெரிதாகப் போட்டான். நான் பக்கத்தில்தான் நின்றேன். படி என்று நானும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. எங்கள் ஊரில் அதற்கு முன்பும் பின்பும் எந்தக் காகிதமும் அந்த வேகத்தில் நகர்ந்ததில்லை. கொடியும் தோரணமும் கட்டி அடிக்கல் நாட்டினார்கள். தலைவர்கள் பெயர் பொறித்த கல்லைத் தென்பக்கம் நட்டார்கள். அவனும் நானும் பந்தலுக்குக் கால் ஊன்றினோம். அவன் அம்மா வந்தவர்களுக்கெல்லாம் தன் குடத்திலிருந்து தண்ணீர் கொடுத்தாள். அடுத்த மாதம் சர்வேயர் சங்கிலியோடு வந்து அளந்தார். சங்கிலி அவள் அடுப்பைத் தாண்டிப் போய் முருங்கை மரத்துக்கு அப்பால் நின்றது. அங்கே ஒரு கல் நட்டார்கள்.

விசாரணைக்குத் தாலுகா ஆபீஸுக்கு வரச்சொல்லி அவளுக்கு ஓலை வந்தது. மனுதாரர்கள் சார்பில் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். அவள் டப்பாவோடு வந்தாள். அவன் கூட வந்தான். அதிகாரி கெட்டவர் இல்லை, களைத்துப்போனவர். பி-மெமோக்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு எங்கள் மனுவை எடுத்து அந்த வரியைச் சத்தமாக வாசித்தார். மனுவை அவள் பக்கம் திருப்பி முதல் கையெழுத்தின் மேல் விரலை வைத்தார்.

"ஏம்மா, இது உன் மகன் கையெழுத்துத்தானே?"

அவள் குனிந்து பார்த்தாள். கைநாட்டு வைப்பவள் அவள். ஆனால் மகன் பெயரின் வடிவம் அவளுக்குத் தெரியும்.

"ஆமாங்கய்யா" என்றாள். குரலில் பெருமை இருந்தது. "எங்க வூட்ல கையெழுத்துப் போடத் தெரிஞ்சவன் அவன் ஒருத்தன்தாங்க. வாத்தியாரய்யா சொல்லிக் குடுத்தது."

அவனுக்குப் புரிந்துவிட்டது. என்னைப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை. நான் ஏதாவது சொல்வேன் என்று பார்த்தான். அந்த வரி நான் எழுதியது, அது பொய், அவனுக்கு அதில் என்ன இருந்தது என்றே தெரியாது என்று சொல்வதற்கு எனக்கு அரை நிமிஷம் ஆகியிருக்காது. சொன்னால் திடல் போய்விடும் என்று பயந்தேன். அதைவிட, மனுவில் பொய் எழுதியவன் என்ற பெயர் வந்துவிடும் என்று பயந்தேன். வாயைத் திறக்கவில்லை.

குடிசையைப் பிரிக்க வருகிற நாள் முன்கூட்டியே தெரியும். அன்று காலையில் நான் நாகப்பட்டினத்துக்கு பஸ் ஏறிவிட்டேன். துறைமுகத்துப் பக்கம் ஒரு வேலையும் இல்லாமல் நாள் முழுக்கச் சுற்றினேன். சாயங்காலம் வந்து பார்த்தபோது முருங்கை மரத்தையும் வெட்டியிருந்தார்கள். அவர்கள் வாய்க்கால் கரையில் ஒரு கூரை போட்டுக்கொண்டிருந்தார்கள். மழைக்காலத்தில் கரையோடு சேர்ந்து தண்ணீர் வீட்டுக்குள் வரும் இடம் அது. அவன் அதற்குப் பிறகு விளையாட வரவில்லை. நானும் போய்க் கூப்பிடவில்லை. லிஃப்ட் போட்டாலும் அடிக்க ஆள் இல்லை. இரண்டு வருஷத்தில் அணி தானாகக் கலைந்தது.

அவ்வளவு அவசரமாகக் காலி செய்த இடத்தில் என்ன கட்டினார்கள்? ஒன்றும் கட்டவில்லை. பாதிச் சுற்றுச்சுவர் எழும்பியது. களமும் தங்களுக்கே பாத்தியம் என்று பண்ணை வாரிசுகள் கோர்ட்டுக்குப் போய்த் தடை வாங்கினார்கள். தடை நீங்குவதற்குள் ஆட்சி மாறியது. புதிதாக வந்தவர்கள் பழைய கல்லைப் பிடுங்கிவிட்டு வேறு பெயர்களோடு வேறு கல் நட்டார்கள். பழைய கல் குழாயடியில் துணி துவைக்க உதவியது. இந்தத் திட்டத்தால் ஊருக்குக் கிடைத்த முதல் நன்மை அதுதான். பிறகு வாய்க்கால் தூர்வாரிய சேற்றைக் கொண்டுவந்து மேடாக்குகிறேன் என்று கொட்டினார்கள். மழையில் அது நல்ல வயலாகிவிட்டது. ஒரு வருஷம் யாரோ அதில் நாற்றுவிட, அது பச்சைப்பசேலென்று வந்தது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

நான் அதற்குள் ஒரு பள்ளியில் எழுத்தர் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். வருஷத்துக்கு இரண்டு நினைவூட்டு மனு எழுதினேன். ஊர்க்காரர்கள் என் பொதுநலத்தை மெச்சினார்கள். எனக்கு வேண்டியது வேறு. ஒரு வலையாவது அங்கே கட்டப்பட்டுவிட வேண்டும். அப்போதாவது அந்தக் குடிசை வீணாகப் போகவில்லை என்று என்னால் நினைக்க முடியும்.

அவர்கள் வாய்க்கால் கரைக்குப் போன ஏழாவது ஐப்பசியில் அவன் அம்மா காய்ச்சலில் படுத்து எழுந்திருக்கவில்லை. துக்கத்துக்குப் போனேன். பிணத்தைக் களத்தைச் சுற்றிக்கொண்டு எடுத்துப்போனார்கள். உள்ளே ஆள் உயரத்துக்குக் கருவேல மரங்கள் நின்றன. அவன் என்னிடம் "வா" என்று மட்டும் சொன்னான். அந்த டப்பா அவள் தலைமாட்டில் இருந்ததைப் பார்த்தேன். மூடியில் துருப்பிடித்திருந்தது.

இன்னும் எத்தனையோ வருஷம் கழித்து, எல்லோரும் மறந்த பிறகு, ஒருநாள் லாரிகள் வந்தன. இந்தமுறை கட்டினார்கள். வாலிபால் தளம், கபடித் தளம், ஒரு பக்கம் உட்கார்ந்து பார்க்கப் படிக்கட்டு, தகரக் கூரை போட்ட ஒரு கூடம். நன்றாகவே கட்டியிருக்கிறார்கள், பொய் சொல்லக்கூடாது. திறப்பு விழாவில் பெண்பிள்ளைகள் முழுக்கால்சட்டை போட்டுக்கொண்டு ஆடினார்கள். நான் பெருமைப்பட்டிருக்க வேண்டும். சால்வையை மடித்து வைத்துக்கொண்டு வடபக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். படிக்கட்டு எழும்பியிருந்தது அடுப்பு இருந்த இடத்தில்.

கூட்டம் கலைந்து பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தபோது அவன் வந்தான். முட்டி தேய்ந்துபோய் ஒரு பக்கம் சாய்ந்து நடந்தான். முதல்முறையாக உள்ளே வருகிறான். படிக்கட்டின் மூன்றாவது படியில் உட்கார்ந்து பக்கத்தில் அந்த டப்பாவை வைத்தான்.

"கரையை அகலப்படுத்தறாங்களாம். காலி பண்ணச் சொல்லிட்டாங்க" என்றான். "மாத்து மனை கேட்டு ஒரு மனு எழுதணும். நீ எழுதினாத்தான் வேலை நடக்கும்னு எல்லாரும் சொல்றாங்க."

வீட்டுக்கு ஓடிப்போய்க் காகிதம் எடுத்துவந்தேன். அந்தப் படியிலேயே உட்கார்ந்து எழுதினேன். அவன் அம்மா எந்த இடத்தில், எத்தனை வருஷம் குடியிருந்தாள், எப்படி அப்புறப்படுத்தப்பட்டாள் என்று எழுதினேன். இணைப்பு என்ற இடத்தில் பி-மெமோக்களைக் குறித்தேன். எழுத்து முன்போல் அழகாக இல்லை. எழுதி முடித்துப் பேனாவையும் காகிதத்தையும் நீட்டினேன்.

"அன்னிக்கு அந்த வரி..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்" என்றான். "அங்கேயே தெரிஞ்சுபோச்சு."

சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டான். அனுப்புநரிலிருந்து ஆரம்பித்தான். ஒவ்வொரு வரிக்கும் கீழே விரலை வைத்து, உதடு அசைய, எழுத்துக்கூட்டி வாசித்தான். ஓர் இடத்தில் நின்று திரும்ப முதலிலிருந்து வந்தான். பந்தல்காரர்கள் கடைசி மூங்கிலையும் வண்டியில் ஏற்றிவிட்டார்கள். நான் அவன் எதிரே நின்றுகொண்டிருந்தேன். 'தங்கள் உண்மையுள்ள' என்பதையும் படித்து முடித்த பிறகுதான் அவன் பேனாவைத் திறந்தான்.