மாப்பிள்ளை கதையும் முப்பது கிலோமீட்டரும்

ஜெலுத்தோங் அடுக்குமாடியில் குடியிருக்கும் ரைஹானா கடல் பாலத்தின் மேல் நடக்கும் மாரத்தான் ஓட்டப் போட்டிக்குப் பயிற்சி செய்வதெல்லாம் கீழே கார் நிறுத்தும் இடத்தைச் சுற்றித்தான். நடக்க முடியாத உம்மா மேலேயிருந்து கூப்பிட்டால் காதில் விழவேண்டும். அவள் ஓடி ஓடித் தார் பள்ளமாகி, மழைநீர் தேங்கி, அதில் மீன்கூட வளர்ந்தது. சின்ன மீன்தான்.

ஒரே மூச்சில் முப்பது கிலோமீட்டர் ஓடினால்தான் போட்டிக்குப் போவதென்று வைத்திருந்தாள். முதல் இரண்டு ஞாயிறும் சலித்துப்போய்ப் பாதியில் நின்றுவிட்டாள். மூன்றாம் ஞாயிறு, படிக்கட்டருகே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுத் தவமணி அக்கா, அவள் கடக்கும்போது சொன்னார்:

“தெரியுமா, பொண்ணு பாக்க வந்தவங்க வேற வீட்டுக்குள்ள போயிட்டாங்க லா!”

அடுத்த சுற்றில் ரைஹானா கேட்டாள்: “அப்புறம்க்கா?”

“கேசரியெல்லாம் தின்னு தீத்துட்டாங்க. ஓடு, ஓடு!”

சுற்றுக்கு ஒரு வரியாகக் கதை நீண்டது. மாப்பிள்ளை லிஃப்டில் மாட்டிக்கொண்டான். அவன் அத்தைக்கு அந்த வீட்டுப் பெண்ணையே பிடித்துப்போனது. கைக்கடிகாரம் முப்பதைக் காட்டிய பிறகுதான் ரைஹானா நின்றாள்.

“கடைசில எந்தப் பொண்ணத்தான் கட்டுனான்?”

“எனக்கெப்படித் தெரியும்? நீ சுத்தி வர்றதுக்குள்ள அவ்ளோதான் யோசிக்க முடிஞ்சுது!”

ரைஹானா சிரித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்து, கைப்பேசியில் போட்டிக்குப் பெயரைப் பதிந்தாள்.